இரைப்பை பயாப்ஸி ஸ்லைடில் வேறொரு திசு: எங்கே ஒட்டியிருக்கும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மெழுகுக்கட்டி:

வணக்கம். மருத்துவமனை ஹிஸ்டாலஜி (திசுப் பரிசோதனை) லேபில் டெக்னீஷியனா இருக்கேன். மூத்தவங்க யாராவது வழி சொன்னா நல்லா இருக்கும்.

போன வாரம் ஒரு இரைப்பை பயாப்ஸி வந்தது. ஃபார்மில் நாலு துண்டு, கிராஸிங் ஷீட்டிலும் (வந்த திசுவைப் பார்த்து எழுதுற தாள்) நாலு துண்டு. எம்பெட் பண்ணினது, அதாவது மெழுகில் பதிச்சு ப்ளாக் ஆக்கினது நான்தான். அச்சுக்குள்ள நாலையும் ஒரே மட்டத்தில் படுக்க வைச்சது நல்லா ஞாபகம் இருக்கு. ப்ளாக்கை மெல்லிய செக்‌ஷனா வெட்டினதும் நான்தான். ஸ்லைடு டாக்டர்கிட்ட போய், சாயங்காலம் கூப்பிட்டு அனுப்பினாங்க. நாலு துண்டிலும் இருக்கிறது நாள்பட்ட அழற்சி மட்டும்தான். ஆனா லேபிள் பக்கமா, ஓரத்தில், தனியா ஒரு சின்னக் கீற்று. அதில் சுரப்பிகள் கருநீலமா, நீள நீளமான கருக்கள் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினாப்ல நெருக்கமா நிக்குது. டிஸ்பிளாசியா, புற்றுநோய்க்கு முந்தின மாற்றம். "இது இந்த நோயாளியோடதா, ஃப்ளோட்டரா, அதாவது வேற ஒருத்தரோட திசு வந்து ஒட்டினதா? சொல்லு, அதுவரைக்கும் ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்கிறேன்"ன்னாங்க.

சூப்பர்வைசர் எதையும் விசாரிக்கல. "நீ வெட்டின ப்ளாக், நீயே எக்ஸ்ப்ளனேஷன் எழுதிக் கொடு"ன்னுட்டார். ஒவ்வொரு ப்ளாக் முடிஞ்சதும் வெட்டின செக்‌ஷனை மிதக்க விடுற வாட்டர் பாத்தின் மேல்பரப்பை டிஷ்யூ போட்டு வழிச்சு எடுக்கிற பழக்கம் எனக்கு உண்டு, அன்னிக்கும் செஞ்சேன். ஆனா அன்னிக்கு ஆள் குறைவு, மதியத்துக்குள்ள ஸ்லைடு வேணும்னு போன் மேல போன். ஓவனில் வைக்கிற நேரத்தைக் குறைச்சு ஸ்டெயினருக்கு (சாயமேத்துற மெஷின்) ஏத்தச் சொல்லிட்டாங்க.

அந்தக் கீற்று எங்கேர்ந்து வந்ததுன்னு கண்டுபிடிக்க வழி இருக்கா? எக்ஸ்ப்ளனேஷனில் என்ன எழுதணும்? எல்லாத்துக்கும் மேல, அந்த நோயாளி ரிப்போர்ட்டுக்காகக் காத்துக்கிட்டிருக்கார். அதுதான் மனசை அரிக்குது.

—

கண்ணாடித்தகடு:

முதல் வேலை, அதே ப்ளாக்கில் டீப்பர் லெவல், அதாவது இன்னும் ஆழத்திலிருந்து செக்‌ஷன், வெட்டுங்க. புது பிளேடு, புதுத் தண்ணி. அந்த ஸ்லைடுகளை மத்த ரேக்கோட சேர்க்காம, சுத்தமான தொட்டிகளில் கையாலயே ஸ்டெயின் பண்ணுங்க.

ரெண்டாவது, பழைய ஸ்லைடைப் பத்திரமா எடுத்து வைங்க. கவர்ஸ்லிப்பைக் கழட்டி அந்தக் கீற்றைச் சுரண்டிட்டு அனுப்பச் சொல்றவங்களும் உண்டு. யார் சொன்னாலும் செய்யாதீங்க. உங்க கையில் இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

—

கத்திமுனை:

இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கு? ஃப்ளோட்டர்னா பெரும்பாலும் வாட்டர் பாத்தான். வெட்டுறவங்க கவனமா இருந்தா வராது. அடுத்த தடவை இன்னும் நல்லாத் துடைங்க.

—

நீலக்கரு:

கத்திமுனை சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். வாட்டர் பாத் ஒரு முக்கியமான இடம், சரி. ஆனா அதையே முடிவா எடுத்துக்கிட்டா வெட்டுறவங்க தலையில் பழி விழும், நிஜமான ஓட்டை அடைபடாது. அடுத்த மாசமும் வரும், அப்போ வேற நோயாளி.

தம்பி, "யார்"ங்கிற கேள்வியை இப்போ ஓரமா வைங்க. "எந்த மேஜையில்"னு கேளுங்க. ஒரு துண்டு உங்க மைக்ரோடோமுக்கு (செக்‌ஷன் வெட்டுற மெஷின்) வர்றதுக்கு முன்னாடியே கிராஸிங் போர்டு, ப்ராசஸர் (திசுவுக்குள்ள மெழுகு ஏத்துற மெஷின்), எம்பெட்டிங் சென்டர்னு தாண்டி வருது. உங்க கையை விட்டுப் போனப்புறம் ஓவன், ஸ்டெயினர், கவர்ஸ்லிப். ஓவனைத் தவிர எல்லா இடத்திலும் அடுத்தவங்க திசு வந்து ஒட்ட வாய்ப்பு இருக்கு.

இதை ரெண்டாப் பிளக்கிற கேள்வி ஒண்ணுதான். அந்தக் கீற்று ப்ளாக்குக்குள்ள இருக்கா, ஸ்லைடு மேல மட்டும் இருக்கா?

டீப்பர் லெவல் வெட்டுறதுக்கு முன்னாடி ப்ளாக்கைக் கையில் எடுங்க. வெட்டின முகத்தை வெளிச்சத்துக்குச் சாய்ச்சு ஒரு லென்ஸ் வைச்சுப் பாருங்க. மெழுகு பளபளன்னு இருக்கும், திசு இருக்கிற இடம் மட்டும் மங்கித் தெரியும். நாலு துண்டையும் அடையாளம் கண்டுக்கிட்டு, ஸ்லைடைப் பக்கத்தில் வைச்சு, அந்த நாலோட நிலையைப் பொருத்துங்க. திருப்பி எடுத்திருந்தா கண்ணாடி பிம்பம் மாதிரி மாறியிருக்கும், அதையும் யோசிச்சுக்கங்க. நாலும் பொருந்தினப்புறம், அந்தக் கீற்று இருக்கிற இடம் ப்ளாக்கில் எங்க வருதுன்னு ஸ்கேல் வைச்சு அளங்க. மெழுகு முகத்தோட விளிம்புக்கு வெளியில விழுந்தா, அது அந்த செக்‌ஷனோட சேர்ந்து வந்திருக்க முடியாது. மெழுகே இல்லாத இடத்திலிருந்து செக்‌ஷன் எப்படி வரும்? ஸ்டெயின் ஆனப்புறம் மெழுகு கரைஞ்சு போயிடுறதால ஸ்லைடில் அந்த விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. அதனாலயே இதை நிறையப் பேர் பார்க்கிறதே இல்லை. அளந்து பார்க்கிறதை போட்டோ எடுத்து வைங்க.

விளிம்புக்கு உள்ள விழுந்தா, லெவல்களைப் பாருங்க. ஒவ்வொரு லெவலிலும் அது கூடவே வந்தா, ஒண்ணு அது நோயாளியோடதே, இல்லன்னா எம்பெட்டிங்குக்கு முன்னாடியே கலந்திருக்கு. அப்போ கிராஸிங் வரிசையையும் எம்பெட்டிங் வரிசையையும் எடுத்து, உங்க கேசட்டுக்கு (துண்டுகளை வைக்கிற ஓட்டை போட்ட டப்பா) முன்னாடி என்ன போச்சுன்னு பாருங்க. சில திசுக்கள் உதிரும் குணம் உள்ளது. சிறுநீர்ப்பையில் வர்ற பாப்பில்லரி கட்டி, கருப்பை சுரண்டல், நஞ்சுக்கொடியின் வில்லஸ்னு சொல்ற விரல் மாதிரி நீட்சிகள், பெருங்குடல் அடினோமா (சுரப்பிக் கட்டி) இதெல்லாம் ஃபோர்செப்ஸ் நுனியிலயே ஒட்டிக்கிட்டு வரும். எம்பெட்டிங் ஃபோர்செப்ஸின் பல்லிடுக்கில் மெழுகோட சேர்ந்து உறைஞ்சு நிக்கும், சூடானதும் அடுத்த அச்சில் விழும். ப்ராசஸருக்குள்ள சின்ன பயாப்ஸி கேசட் ஓட்டை வழியா வெளியேறாம இருக்கத்தான் அதை ஃபில்டர் பேப்பரில் மடிச்சோ ஸ்பாஞ்சுக்கு நடுவிலோ வைக்கிறது. அந்த மடிப்பு, வெளியில மிதக்கிறது உள்ள வராமலும் காக்கும்.

உங்க கேஸில் துண்டு எண்ணிக்கை நாலு, நாலுன்னு எல்லா இடத்திலும் பதிவாகியிருக்கு. அதுவே பெரிய பலம். கிராஸிங்கில் எண்ணாத லேபில் இந்த விசாரணையைத் தொடங்கவே முடியாது.

ஸ்லைடு மேல மட்டும்தான்னு தெரிஞ்சா, மிச்சம் ரெண்டு இடம். வாட்டர் பாத், ஸ்டெயினர். வாட்டர் பாத்துன்னா, அதே பாத்தில் கொஞ்சம் முன்னாடி வெட்டின ப்ளாக்கிலிருந்துதான் வரும். வெட்டின வரிசையைப் பாருங்க. முந்தின நாலஞ்சு ப்ளாக்கில் அந்தச் சுரப்பி வர்ற உறுப்பே இல்லன்னா பாத் மேல சந்தேகம் குறைஞ்சிடும்.

ஸ்டெயினர்தான் பலரும் மறக்கிற இடம். நீங்க எழுதினதில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த ஓவன் விஷயம். 3, 4 மைக்ரான் செக்‌ஷன் கண்ணாடியில் பிடிச்சு நிக்கிறதே, அடியில இருக்கிற தண்ணி முழுக்க வெளியேறி, சூட்டில் மெழுகு இளகி, திசு கண்ணாடியோட படிஞ்சு உட்காருறதாலதான். 60 டிகிரியில் அரைமணி நேரமாவது நிக்கவிடணும்னு நான் பிடிவாதமா இருப்பேன். தண்ணி மாட்டிக்கிட்டு இருக்கிற செக்‌ஷனை சைலீனில் இறக்கினா, மெழுகு கரைஞ்ச நொடியே ஓரம் எழும்பி, பிய்ஞ்சு, தொட்டிக்குள்ள மிதக்கும். முதல் சைலீன், அதுக்கடுத்த ஆல்கஹால் தொட்டிகள், இதுங்கள்லதான் உதிர்ந்தது அதிகம் சேரும். பின்னாடி வர்ற ஸ்லைடில் போய் உட்காரும். ஓவனில் மிச்சம் பிடிக்கிற கால்மணி நேரம் இப்படி நாள் கணக்கில் ரிப்போர்ட்டை நிறுத்துது.

அதனால அந்த ரேக்கில் இருந்த எல்லா ஸ்லைடையும், அன்னிக்கு அதுக்கு முன்னாடி போன ரேக்கையும் எடுத்துப் பாருங்க. எதிலயாவது செக்‌ஷனின் ஒரு மூலை காணாமப் போயிருக்கா, அதோட ப்ளாக்கில் அந்த மூலை இருக்கா? தொட்டி இன்னும் மாத்தலன்னா, ஃப்யூம் ஹூடுக்குள்ள வைச்சு அடியில தேங்கினதைப் பைப்பெட்டில் எடுத்து, ஒரு ஸ்லைடில் விட்டு, காயவைச்சு, ஸ்டெயின் பண்ணிப் பாருங்க. எத்தனை பேரோட திசு அங்க கிடக்குதுன்னு பார்த்தா எந்த சூப்பர்வைசரும் தொட்டியைத் தினம் மாத்தச் சொல்லுவார்.

எக்ஸ்ப்ளனேஷன்: "என் தவறுதான்"னும் எழுதாதீங்க, "என் தவறில்லை"ன்னும் எழுதாதீங்க. எத்தனை மணிக்கு வெட்டினது, வரிசை என்ன, பாத் எப்போ துடைச்சது, ஓவனில் எத்தனை நிமிஷம் இருந்தது, அதைக் குறைக்கச் சொன்னது எப்போ, யார். அவ்வளவும் நடந்தபடியே. கூடவே ப்ளாக்கின் போட்டோ, டீப்பர் லெவலின் முடிவு. அடைமொழி ஒண்ணுகூட வேண்டாம். வேலை அதிகம்னு புலம்பாம, அன்னிக்கு எத்தனை ப்ளாக், எத்தனை பேர்னு எண்ணிக்கையைப் போடுங்க. படிக்கிறவங்களுக்கே புரியும்.

இன்னொண்ணு, இதுக்கு நேரடிச் சம்பந்தம் இல்லன்னாலும் சொல்லிடுறேன். ஒரே மாதிரி பயாப்ஸிகளை அடுத்தடுத்து கிராஸ் பண்ணாதீங்க. இரைப்பைக்கு அப்புறம் ஒரு தோல், அதுக்கப்புறம் மறுபடி இரைப்பைன்னு இடைவெளி விட்டா, கலந்தாலும் பார்த்தவுடனே தெரியும். இரைப்பைக்குள்ள இன்னொருத்தர் இரைப்பை வந்து விழுந்தா யாருக்கும் தெரியாது. எனக்கு ராத்திரி தூக்கம் கெடுறது அதை நினைச்சுத்தான்.

—

நுண்ணோக்கி:

நான் நோயியல் மருத்துவர். ஸ்லைடைப் பார்க்கும் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

தோலுக்குள் நஞ்சுக்கொடியின் வில்லஸ் தெரிந்தால் எங்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. இந்தக் கேஸ் அப்படிப்பட்டதல்ல. நாள்பட்ட அழற்சி உள்ள இரைப்பையில் குடல் போன்ற சுரப்பிகள் உருவாவது வழக்கமான ஒன்று. அவற்றில் டிஸ்பிளாசியாவும் வரக்கூடும். ஆகவே "இது இரைப்பை, அது குடல்" என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. தவறாக அவருடையது என்று எழுதினால் இல்லாத நோய்க்குப் பின்தொடர்தலும் சிகிச்சையும் தொடங்கும். தவறாக ஃப்ளோட்டர் என்று தள்ளினால், வரப்போகும் புற்றுநோயைக் கண்டும் காணாமல் விட்டதாகும். உங்கள் டாக்டர் ரிப்போர்ட்டை நிறுத்தியது சரியான முடிவு.

நாங்கள் பார்க்கும் அடையாளங்கள்: மற்ற துண்டுகளிலிருந்து தள்ளி நிற்பது, விளிம்பில் அவற்றோடு தொடர்ச்சி இல்லாதது, ஃபோகஸ் செய்யும்போது வேறு மட்டத்தில் வருவது, மடிந்து கிடப்பது, சாய நிறம் சற்று மாறியிருப்பது. இவை சந்தேகத்தைக் கூட்டும். தனியாக எதுவும் தீர்ப்பு ஆகாது. நீலக்கரு சொன்ன ப்ளாக் ஒப்பீடு இவை எல்லாவற்றையும்விடப் பலமானது.

எதுவும் தெளிவாகவில்லை என்றால் டிஎன்ஏ வழி உண்டு. அந்தக் கீற்றை ஸ்லைடிலிருந்து பிரித்தெடுத்து, எஸ்டிஆர் குறியீடுகளை (ஆளுக்கு ஆள் மாறும் டிஎன்ஏ பகுதிகள்) நோயாளியின் திசுவோடு ஒப்பிடலாம். ஃபார்மலினில் இருந்த திசுவில் டிஎன்ஏ துண்டு துண்டாகியிருக்கும், கீற்றும் சிறியது, எனவே முடிவு கிடைக்காமலும் போகலாம். நோயாளியும் கீற்றுக்கு உரியவராகச் சந்தேகிக்கப்படுபவரும் வேறு பாலினத்தவர் என்றால் எக்ஸ், ஒய் குரோமோசோம்களை ஃபிஷ் முறையில் (ஒளிரும் சாயத்தால் குரோமோசோமை அடையாளம் காணுதல்) பார்த்தாலே போதும்.

கத்திமுனைக்கு ஒரு தகவல். அமெரிக்க நோயியலாளர் கல்லூரி 275 ஆய்வகங்களைச் சேர்த்து நடத்திய ஆய்வு 1996-இல் வெளியானது. அன்றாட வேலையோடு குறித்து வந்தபோது 0.6 சதவீத ஸ்லைடுகளில் அந்நியத் திசு இருந்தது. பழைய ஸ்லைடுகளை இதற்காகவே மறுபடி எடுத்துப் பார்த்தபோது அது 2.9 சதவீதமாக ஏறியது. அதாவது, கவனமான ஆய்வகங்களிலும் இது நடக்கிறது. நம் கண்ணில் படுவதைவிட அதிகமாகவே நடக்கிறது. பெரும்பகுதி ஸ்லைடில் ஒட்டியது என்றாலும், கணிசமான பங்கு ப்ளாக்குக்கு உள்ளேயே இருந்தது. எல்லாவற்றையும் வெட்டுபவரின் தலையில் கட்ட முடியாது.

—

கத்திமுனை:

டாக்டர், ப்ளாக்குக்குள்ளயே இவ்வளவு இருக்கும்னு நினைக்கல. எங்க லேபில் எண்ணிக்கை எழுதுற வழக்கம் பெரிய ஸ்பெசிமனுக்கு மட்டும்தான் இருக்கு. சின்ன பயாப்ஸிக்கு "மல்டிபிள் பிட்ஸ்"னு போட்டுடுவாங்க. அதைப் பேசணும்.

—

நீலக்கரு:

கட்டாயம் பேசுங்க. எண்ணவே முடியாத அளவு பொடியா இருந்தா, எல்லாம் சேர்ந்து எத்தனை மில்லிமீட்டர்னாவது எழுதச் சொல்லுங்க. கண்ணுக்கே தெரியாத துண்டுன்னா, கிராஸிங்கிலயே ஒரு சொட்டு ஈயோசின் விட்டுட்டா எம்பெட் பண்றவங்களுக்கு இளஞ்சிவப்பா பளிச்னு தெரியும். எண்ணவும் சுலபம்.

—

மெழுகுக்கட்டி:

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னபடியே ஒவ்வொண்ணாப் பார்த்தேன். நடந்ததை எழுதுறேன்.

ப்ளாக்கும் ஸ்லைடும் பக்கத்தில் வைச்சுப் பொருத்தினதில் நாலு துண்டும் அச்சா உட்கார்ந்தது. கீற்று மெழுகு விளிம்புக்கு வெளியில, நல்லாத் தள்ளி விழுது. போட்டோ எடுத்துட்டேன். அப்புறம் மூணு லெவல் வெட்டி, தனித் தொட்டியில் ஸ்டெயின் பண்ணிக் கொடுத்தேன். நாலு துண்டு மட்டும்தான், வேற எதுவும் இல்லை.

வெட்டின வரிசையில் எனக்கு முன்னாடி இருந்தது தோல், பித்தப்பை, அதுக்கு முன்னாடி ஒரு நிணநீர்க்கணு. அன்னிக்குக் காலையில என் பாத்தில் பெருங்குடலே இறங்கல. ஆனா அதே ரேக்கில், பக்கத்து மேஜையில் வெட்டின ஒரு பெருங்குடல் பாலிப் ஸ்லைடு இருந்திருக்கு. அதை எடுத்துப் பார்த்தா ஒரு பக்க ஓரம் பிய்ஞ்சு போயிருக்கு. அதோட ப்ளாக்கில் அந்த ஓரம் முழுசா இருக்கு. டாக்டர் ரெண்டு ஸ்லைடையும் மாத்தி மாத்தி வைச்சுப் பார்த்துட்டு, சுரப்பிகள் ஒரே மாதிரிதான்னாங்க. கீற்றின் வளைவும் பிய்ஞ்ச இடத்தோட வளைவும் ஒத்துப்போகுது. அந்நியத் திசுன்னு குறிப்புப் போட்டு இரைப்பை ரிப்போர்ட்டை அனுப்பிட்டாங்க. டிஎன்ஏ வரைக்கும் போகத் தேவைப்படல.

எக்ஸ்ப்ளனேஷனில் நேரம், வரிசை, போட்டோ, ஓவன் நிமிஷம் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். சூப்பர்வைசர் படிச்சுட்டு ஒண்ணும் சொல்லல, ஃபைலில் வைச்சுக்கிட்டார். ஆனா அடுத்த நாளே ஒவ்வொரு ரேக்குக்கும் ஒரு சீட்டு வந்திருக்கு. ஓவனில் ஏத்தின நேரம், இறக்கின நேரம், கையெழுத்து. போன் மட்டும் இன்னும் வந்துக்கிட்டேதான் இருக்கு. சீட்டைக் காட்டி "இன்னும் பத்து நிமிஷம்"னு சொல்ல முடியுது.

—

நீலக்கரு:

ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க தம்பி. அந்தச் சீட்டை விட்டுடாதீங்க, வேலை குறைவா இருக்கிற நாளிலும் எழுதுங்க.

ஒண்ணு கேட்கணும். நாம இவ்வளவு நேரம் இரைப்பைக்காரரைப் பத்தியே பேசினோம். அந்த பாலிப் இன்னொருத்தரோடது. அவர் ஸ்லைடில் பிய்ஞ்சு போன ஓரம் எது? அடிக்காம்பு வெட்டின பக்கமா இருந்தா, கட்டி முழுசா வெளியே வந்துடுச்சான்னு டாக்டர் சொல்ல வேண்டிய இடமே அதுதான். அவர் ரிப்போர்ட் ஏற்கெனவே போயிடுச்சா?

—

மெழுகுக்கட்டி:

போயிடுச்சு அக்கா. நீங்க எழுதினதைப் பார்த்ததும் பாலிப் ஸ்லைடை எடுத்துக்கிட்டு நேரா டாக்டர்கிட்ட போனேன். பிய்ஞ்சது மேல்பக்கம், காம்புப் பக்கம் இல்லை, மார்ஜின் (வெட்டின விளிம்பு) ஸ்லைடிலயே தெளிவா இருக்குன்னாங்க. இருந்தாலும் மேல்பக்கத்தில் இன்னும் மோசமான பகுதி ஏதாவது விட்டுப்போயிருக்கக் கூடாதுன்னு ரீகட் (ப்ளாக்கை மறுபடி வெட்டுறது) கேட்டிருக்காங்க. வெட்டி ஓவனில் வைச்சாச்சு. நேரத்தைச் சீட்டில் எழுதிட்டேன்.